துரையை யாருக்கும் கொடுப்பதாயில்லை

சித்தூர்,
திங்கட்கிழமை காலை

அன்பு மகள் கேசியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் நைனாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே நகோயாவில் உன் சுகத்துக்காக நாள் தவறாமல் ஜெபிக்கிறோம். துரையும் சுகம். அவன் பேரை மூன்றாவதாக எழுதினாலும் இந்தக் கடிதமே அவனுக்காகத்தான். போனில் சொல்லலாம் என்றால் நான் ஒரு வார்த்தை தொடங்குவதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசி, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். பக்கம் பக்கமாக நைனா போனில் படம் பிடித்து அனுப்புவார். படம் பிடிக்கிற சாக்கில் படிக்கவும் செய்வார், படிக்கட்டும். அவரிடம் நான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் இதில் வருகிறது.

நேற்று ராத்திரி ஜெபம் முடித்துவிட்டு வந்து பார்த்தால் உன் செய்தி. வருகிற வியாழக்கிழமை நல்ல நாளாம், உன் பழைய ஆபீஸ் யஸ்வந்தும் அவன் மனைவியும் மறுபடியும் வருவார்களாம், இந்தத் தடவையாவது மரியாதையாகப் பூனையைக் கொடுத்து அனுப்பு என்கிறாய். மரியாதையாம்! பெற்றவளுக்கு மரியாதை சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாய். கொண்டுவந்து தள்ளும்போது எங்களைக் கேட்டாயா? கேட்கவில்லை. இப்போது எடுத்துக்கொண்டு போகும்போது கேட்டாயா? அதுவும் இல்லை. இது வீடா, பஸ் ஸ்டாண்டில் சாமான் வைத்துவிட்டுப் போகிற இடமா? நீயே சொல்.

போன வருஷம் ஜூன் மாதம் ஸ்ரீசிட்டி வேலையை விட்டு ஜப்பானுக்குப் போகிறேன் என்று வரதய்யபாளையத்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வந்தாயே, அன்றைக்குக் காரிலிருந்து முதலில் இறங்கியது நீயா? இல்லை, ஒரு கூடை. கூடைக்குள் இலவம்பஞ்சு மூட்டை மாதிரி ஒன்று. அதற்கு மூக்கு எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, பெர்சியன் பூனைம்மா, ரொம்ப சாது, ஒரு தொந்தரவும் இல்லை, ஆறே மாசம்தான் என்றாய். ஆறு மாதம் பதினாலு மாதம் ஆகிவிட்டது. நீ வைத்த பேர் மிலோ. அந்தப் பேரை இந்தத் தெருவில் யாருக்கும் சொல்ல வரவில்லை. வெள்ளை வெளேரென்று சப்பை மூஞ்சியும், சாய்வு நாற்காலியில் ஏறினால் இறங்காத குணமுமாக, நம் மிஷன் பங்களாப் படங்களில் உட்கார்ந்திருக்கிற அந்தக் காலத்துத் துரைமார் மாதிரியே இருக்கிறான் என்று நான்தான் துரை என்று கூப்பிட்டேன். அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறான்.

சாது என்று நீ சொன்னது மட்டும் பொய்யில்லை. அரிசி மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு எலி வந்து, இவன் முன்னால் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டு போயிற்று, இவன் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். சுவர் ஏறமாட்டான், அடுப்பங்கரை மேடைகூட ஏறமாட்டான். குக்கர் விசிலுக்குக் கட்டில் அடியில் போய் ஒளிகிற வீரன். யார் தூக்கினாலும் போவான், யார் மடியிலும் தூங்குவான், மனிதர் மாதிரி குறட்டை விடுவான். ஒன்று மட்டும் எனக்குப் பழக நாலு மாதம் ஆயிற்று. அவனுக்குப் பசித்தாலோ பயந்தாலோ வாயைத் திறப்பான், சத்தம் வராது. வாய் மட்டும் அகலமாகத் திறந்து மூடும். முதலில் கொட்டாவி என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன், பாவம்.

மற்றதெல்லாம் சொன்னாயா நீ? ஒரு பை தீனி, ஒரு சீப்பு, தினமும் சீவி விடும்மா என்று ஒரு வரி, அவ்வளவுதான் நீ விட்டுப் போன சீதனம். பூனை என்றால் பால் குடிக்கும் என்று உலகமே சொல்கிறது, நானும் ஊற்றினேன், மூன்று நாள் வீடு முழுக்கக் கழுவினேன். கிண்ணத்தில் வைத்தால் சப்பை மூஞ்சி உள்ளே எட்டாமல் அவன் பாதிப் பட்டினி கிடந்ததை உன் நைனா கண்டுபிடித்து, காபி சாஸரில் வைத்தார், அன்றிலிருந்துதான் தின்றான். கண்ணில் எப்போதும் நீர் வடிந்து, மூக்கு ஓரமெல்லாம் பழுப்பாகப் பிசுபிசுக்கிறது, அழுகிறான் என்று நான் பதறினேன், இந்த இனத்துக்கு அப்படித்தான் என்று யார் சொன்னார்கள்? நைனா தினமும் காலையில் வேதம் வாசித்து முடித்ததும் வெந்நீரை ஆறவைத்து, பஞ்சில் நனைத்து, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சாகத் துடைத்து விடுகிறார். உன் கண்ணை அவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. மே மாதம் சித்தூர் வெயில் உனக்குத் தெரியாததா, மூக்கு உள்ளே போன ஜீவன், அந்தக் கம்பளியையும் போர்த்திக்கொண்டு, நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். கரண்ட் போனால் ஈரத் துண்டை விரித்து விசிறி எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தது யார், யஸ்வந்தா?

இப்போது மொட்டை விஷயத்துக்கு வருகிறேன், அதற்குத்தானே குதித்தாய். ஜூலை மாதம் அக்குளிலும் வயிற்றிலும் முடி சிக்குப் பிடித்துக் கட்டி கட்டியாகிவிட்டது. சீப்பு இறங்கவில்லை, ஒரு பல் உடைந்தது. தோலோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே சிவந்து புண்ணாகி, தொட்டால் வலியில் நெளிந்தான். யாரையும் நகத்தால் கூடத் தொடாதவன் நைனாவின் கட்டைவிரலைக் கடித்துவிட்டான். கடித்துவிட்டு அவனே பயந்து மூலையில் போய் உட்கார்ந்தான். இங்கே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அந்த டாக்டர் நல்ல மனிதர்தான், கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, ஆவு, மேக்க அயித்தே சூஸ்தானம்மா, தீன்னி திருப்பதிக்கி தீஸ்குவெள்ளண்டி என்று திருப்பதிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். பசுவையும் ஆட்டையும் பார்க்கிறவரிடம் பெர்சியாக்காரனைக் காட்டினால் அவர்தான் என்ன செய்வார்.

அப்படித்தான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினோம். அங்கே மோகனப்ரியா என்று ஒரு சின்னப் பெண்தான் டாக்டர், வாலாஜா பக்கத்துப் பெண், கை பூப்போல. சிக்கைப் பார்த்தவுடனே, யாரும்மா இதுக்கு எண்ணெ தேச்சி வுட்டது, எண்ணெய்ல தூசி ஒட்டி ஒட்டித்தான் இப்டி கம்பளி மாதிரி ஆயிடுச்சி, நக்கி நக்கி வயிறும் கெட்டுப்போய்க்கினு கீது என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் சொன்னோம் என்பதைப் பிறகு எழுதுகிறேன், மறக்கமாட்டேன். மெஷினை வைத்துச் சிரைக்கிறதைத் தவிர வேறு வழியில்லை என்றாள். தலையும் வால் நுனியும் காலும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் வழித்தாகிவிட்டது. கம்பளியை உரித்தால் உள்ளே இவ்வளவுதான் இவன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ஒரு கைப்பிடி எலும்பு. வெயிலில் விடாதீங்க, தோல் வெந்துபோவும், முடி நாலஞ்சி மாசத்துல வளரும், வளரும்போதே தினம் சீவுங்க, வெறும் சீப்பால என்றாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஆண் பூனை ஒரு நாள் மூத்திரம் போகவில்லையென்றால் காத்திருக்காமல் ஓடிவர வேண்டும் என்றும் சொன்னாள். அத்தனையையும் நைனா பஞ்சாங்கம் மாதிரி ஒரு அட்டையில் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் வினை. திருப்பதியிலிருந்து வருகிற பஸ், கேட்க வேண்டுமா, முக்கால்வாசிப் பேர் மலைக்குப் போய்விட்டு மொட்டையும் சந்தனமுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று வரட்டும் என்று கூடையைத் திறந்தேன். குடுபல்லிக்குப் போகிற ஒரு அம்மா எட்டிப் பார்த்து, இன்னாமா, பூனைக்கும் வேண்டுதலா என்று கேட்டாள். எனக்குத் தலைவலி, மனசும் சரியில்லை, ஒரு விளக்கம் சொல்லத் தெம்பில்லை, ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அவள் இவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பின் சீட்டில் யார் என்று நினைக்கிறாய்? நம் பெண்கள் சங்கத்துச் சுஜிதா. மகனைப் பார்க்கத் திருப்பதி போனவள் அதே பஸ்ஸில்தான் ஏற வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறேன், ஆராதனை முடிந்தும் ஒருத்தியும் கிட்டே வரவில்லை. கேசியாவுக்கு விசா கெடைக்க மலைக்கு நேந்துக்கினாங்களாம், அவங்க தலைக்குப் பதிலா பூனைக்கு முடி எடுத்துட்டாங்களாம் என்று வேப்பமரத்தடியில் பேச்சு. தலையை விட்டுவிட்டு உடம்பெல்லாம் மொட்டை போடுகிற வேண்டுதல் எந்த ஊரில் உண்டு என்று ஒருத்திக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆசிர் ஐயர் நம் கண் முன்னால் குருத்துவப் பட்டம் வாங்கினவர், அவரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, வீட்ல எதனா பாரம் இருந்தா சொல்லுங்க, ஜெபிக்கலாம் என்கிறார். பாரம் நாலு கிலோ ஐயா, வீட்டில் கூடையில் தூங்குகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். எதிர் வீட்டு அலர்மேல்மங்கை இதைக் கேட்டு, எங்க சாமிக்கு முடி குடுத்தா எங்களுக்குப் பெருமதான், நீ இன்னாத்துக்கு கோச்சிக்கினு கீற என்று ஒரு லட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. லட்டை நைனா சாப்பிட்டார்.

இவ்வளவு பட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், உன் நைனா ஒரு அப்பாவி, நீ பார்த்தால் சிரிப்பாய் என்று நினைத்துப் படம் எடுத்து, டாக்டர் எண்ணெயைப் பற்றிச் சொன்னதையும் எழுதி அனுப்பினார். நீ சிரித்தாயா? இருபது நிமிஷம் அவரைத் திட்டினாய். பெர்சியன் பூனைக்கு எண்ணெ தேய்க்கிற காட்டுமிராண்டி உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் நைனா, உங்களால ஒரு பூனையைக்கூட ஒழுங்கா பாத்துக்க முடியாதா என்று நீ கத்தினது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. முப்பத்தாறு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், ஒரு தலைமையாசிரியர்கூட அவரிடம் குரலை உயர்த்தினதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஆமாம்மா, தப்புதாம்மா, தெரியல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாளே நீ முடிவு பண்ணிவிட்டாய், ஒப்பந்தம் இன்னும் மூன்று வருஷம் நீள்கிறது, பூனையை யஸ்வந்துக்குக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் வீட்டில் ஏசி இருக்கிறது என்று.

போன சனிக்கிழமை வந்தார்கள். உன்னோடு வேலை செய்த பிள்ளை, குறை சொல்லக் கூடாது, செருப்பை வாசலிலேயே கழற்றினான். அவன் மனைவி துர்காதேவியும் நல்ல பெண்தான், ஆனால் துரையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. காபி கொடுத்தேன். தடுப்பூசி கார்டு உண்டா, பேப்பர் உண்டா, முடி பழையபடி வருமா, வராதா என்று மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த மாதிரி கேள்வி. அந்த வெட்கங்கெட்டவனும் நேராகப் போய் யஸ்வந்த் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டான், இத்தனை நாள் சோறு போட்டவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் இனத்துக்கே வேற்றுமுகம் கிடையாது என்று தெரியும், தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. சரி, போகிறவன் போகட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. நானே தூக்கி அவர்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் கூண்டுக்குள் வைத்தேன். கதவைச் சாத்தினதும் அவன் கம்பிக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். சத்தமே போடவில்லை பாருங்கள் ஆன்ட்டி, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறான் என்று யஸ்வந்த் தெலுங்கில் சொன்னான்.

அவன் கத்துகிறான் கேசியா. தொண்டை கிழிய என்னைக் கூப்பிடுகிறான். சத்தம் வராது, அவ்வளவுதான். பதினாலு மாதம் கூட இருந்தவளுக்குத்தான் அது கேட்கும். கொக்கியை நீக்கி அவனை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு நாள் நன்றாக இல்லை, போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நாலு தலைமுறையாக நாள் கிழமை பார்க்காத வீட்டில் பிறந்த நான்! வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. நைனா என்னையே பார்த்தார். துர்காதேவி மட்டும் உடனே நம்பி, அவுனு, சனிவாரம் கதா, சனிக்கிழமை ஆயிற்றே என்று தலையாட்டி, வியாழக்கிழமை என்று அவளே நாள் குறித்துவிட்டாள். அதைத்தான் நீ எனக்குத் திருப்பிச் சொல்கிறாய்.

இப்போது அந்த எண்ணெய். வைத்தது நான். உன் நைனா இல்லை. டாக்டர் யார் என்று கேட்டதும் என் விரல் தானாக அவர் பக்கம் நீண்டுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், தெரியாமல் செய்துவிட்டேன் அம்மா என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் ஒப்புக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். நீ திட்டினபோதாவது நான் போனைப் பிடுங்கிச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காட்டுமிராண்டி நான்தான். அவரிடம் நீ மன்னிப்புக் கேள், நானும் இந்தக் காகிதத்திலேயே கேட்டுக்கொள்கிறேன், படம் பிடிக்கும்போது படித்துக்கொள்ளட்டும்.

ஏன் வைத்தாய் என்று கேட்பாய். சீவி விடு என்றுதானே சொன்னாய்? எண்ணெய் வைக்காமல் முடி சீவுகிறதை நான் எந்த வீட்டில் கண்டேன்? உனக்கு இடுப்பு வரை முடி. பிளஸ் டூ முடிகிற வரைக்கும் சனிக்கிழமை மத்தியானம் எண்ணெய், சாயங்காலம் சீயக்காய், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு இரட்டைச் சடை. நீ முனகுவாய், வலிக்குதும்மா என்று முதுகைக் காட்டிக்கொண்டே தூங்கிவிடுவாய். இவனும் அப்படித்தான், உள்ளங்கையில் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணித் தடவினால் மடியிலேயே கண்ணை மூடிக்கொண்டான். எனக்குக் கை பழகின வேலை. வாரத்தில் அந்த அரைமணி நேரத்துக்காகவே சனிக்கிழமை வராதா என்று இருந்தேன். தப்பு என்று தெரிந்தவுடன் விட்டுவிட்டேன், இப்போது வெறும் சீப்புதான். முடி சுண்டுவிரல் நகம் அளவு முளைத்திருக்கிறது, புண் ஆறிவிட்டது, வாலைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறான்.

ஆகவே கேட்டுக்கொள். வியாழக்கிழமை யாரும் வர வேண்டாம். நீ இன்றைக்கே அவர்களுக்கு நயமாகச் சொல்லிவிடு, அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நீ சொல்லாவிட்டால் நான் வாசலிலேயே சொல்வேன், அது நயமாக இருக்காது. கிறிஸ்துமசுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. ஈஸ்டருக்கு என்றாய், அதுவும் போயிற்று. இப்போது மூன்று வருஷம் என்கிறாய். வீட்டில் உன் பொருள் என்று மிச்சமிருப்பது இவன் ஒருத்தன், இவனையும் அனுப்பிவிட்டால் உனக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் பயப்படுகிறேன். போனில் நான் சும்மா இருந்தால் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று வைத்துவிடாதே. உன் பூனை உனக்கு வேண்டுமென்றால் நீ வா, நீயே வந்து வாங்கிக்கொள். வேறு யார் கையிலும் கொடுப்பதாயில்லை.

அங்கே குளிர் தொடங்குமுன் நல்ல ஸ்வெட்டர் வாங்கு. வேலை வேலை என்று நின்றுகொண்டு துன்னாதே, உட்கார்ந்து சாப்பிடு. போன வாரம் வீடியோவில் உன் முடி பரட்டையாக இருந்தது, அங்கே தேங்காயெண்ணெய் கிடைக்காவிட்டால் சொல், உனக்காவது அனுப்புகிறேன். போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன்னைக் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. நைனா தன் வாழ்த்தையும் எழுதச் சொன்னார், துரை என் காலடியில்தான் குறட்டை விடுகிறான்.

மறக்க வேண்டாம், அந்த ஊரில் நீளப் பல் வைத்த இரும்புச் சீப்பு கிடைக்கும் என்று டாக்டரம்மா சொன்னாள், வரும்போது ஒன்று வாங்கி வா, இங்கே இருப்பது பல் உடைந்தது. நீ வராமல் சீப்பு மட்டும் பார்சலில் வந்தால் வாங்கமாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாகவே இருக்கும் அம்மா,
கிருபாபாய்